வெடிச்சது 2 விநாடி, காத்திருந்தது பல மாசம்: காமா கதிர் வெடிப்பின் ரேடியோ பின்னொளிர்வு

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து எழுத்து வடிவம். படிக்க வசதியாகப் பேச்சு கொஞ்சம் சீர்செய்யப்பட்டிருக்கிறது.)

போன எபிசோடுல ஈர்ப்பு அலைகள் பத்திப் பேசினோம். அதைக் கேட்டுட்டு ஒரகடத்துல ஒரு கார் தொழிற்சாலையில தரப் பரிசோதனைப் பிரிவுல இருக்கிற ஒரு நேயர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. "ரெண்டு நட்சத்திரம் மோதுச்சு, ரெண்டு விநாடி வெளிச்சம் வந்துச்சு, அவ்வளவுதானே? அதுக்கப்புறம் மாசக்கணக்கா டெலஸ்கோப்பைத் திருப்பி வச்சு என்ன பார்த்தாங்க? ஒண்ணுமில்லாத இடத்தைப் பார்க்கிறதுக்கு எதுக்கு இவ்வளவு செலவு?"

ரொம்ப நியாயமான கேள்வி. இந்த எபிசோடு முழுக்க அதுக்கான பதில்தான். முன்கூட்டியே ஒரு வரியில சொல்லிடறேன்: அந்த ரெண்டு விநாடியை மட்டும் பார்த்திருந்தா, அங்க என்ன நடந்துச்சுங்கிற முக்கியமான கேள்விக்குத் தப்பான பதிலை நம்பிக்கிட்டு இருக்க வாய்ப்பு இருந்தது. சரியான பதிலைக் கொடுத்தது அதுக்கப்புறம் வந்த மங்கலான ரேடியோ சிக்னல். அந்த வேலையில நம்ம நாட்டு டெலஸ்கோப் ஒண்ணுக்கும் பங்கு உண்டு.

முதல்ல, காமா கதிர் வெடிப்பு

1967-ல அமெரிக்காவோட வேலா செயற்கைக்கோள்கள், யாராவது ரகசியமா அணுகுண்டு சோதனை பண்றாங்களான்னு வேவு பார்த்துக்கிட்டு இருந்தன. அப்போ பூமியில இருந்து வராத, விண்வெளியில இருந்து வந்த காமா கதிர் மின்னல் ஒண்ணு பதிவாச்சு. இப்படிச் சேர்ந்த வெடிப்புகளைப் பத்தி 1973-லதான் வெளியில சொன்னாங்க.

இதுல ரெண்டு வகை. ரெண்டு விநாடிக்கு மேல நீடிச்சா நீண்ட வகை. பெரிய நட்சத்திரம் ஒண்ணு தனக்குள்ளயே இடிஞ்சு விழும்போது வரும். ரெண்டு விநாடிக்குள்ள முடிஞ்சா குறுகிய வகை. இது ரெண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதுறதால வரும்னு ரொம்ப வருஷமா ஒரு சந்தேகம். சந்தேகம்தான், நேரடிச் சான்று கிடையாது. இதை மனசுல வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

ரெண்டு வகையிலயும் நடுவுல ஒரு இன்ஜின் உருவாகுது. பெரும்பாலும் கருந்துளை. அது ஒளி வேகத்துக்கு ரொம்பப் பக்கத்துல போற ஒரு குறுகலான பீய்ச்சலை ரெண்டு பக்கமும் வெளியில தள்ளுது. இதுக்குப் பேர் ஜெட். அந்த ஜெட் நம்மளைப் பார்த்து இருந்தா நமக்குக் காமா கதிர் பளிச்னு தெரியும்.

பின்னொளிர்வு எங்க இருந்து வருது?

ஜெட் வெளியில வந்ததும் வெற்றிடத்துல போயிடறது இல்ல. நட்சத்திரங்களுக்கு நடுவுலயும் கொஞ்சம் வாயு இருக்கு. அந்த வாயுல ஜெட் மோதும்போது ஓர் அதிர்ச்சி அலை உருவாகுது. அங்க இருக்கிற எலெக்ட்ரான்கள் வேகமெடுத்து, காந்தப்புலத்தைச் சுத்திச் சுழலும். அப்படிச் சுழல்ற எலெக்ட்ரான் ஒளியை உமிழும். இதுக்கு சிங்க்ரோட்ரான் கதிர்வீச்சுன்னு பேர்.

இந்த ஒளி ஆரம்பத்துல எக்ஸ் கதிர்ல பலமா இருக்கும். ஜெட் வாயுவைத் தள்ளித் தள்ளி வேகம் குறையக் குறைய, பலமான பகுதி கண்ணுக்குத் தெரியிற ஒளிக்கு இறங்கும். அப்புறம் ரேடியோவுக்கு இறங்கும். இருங்காட்டுக்கோட்டை பக்கம் ஃபோர்ஜிங் வேலை பார்க்கிறவங்களுக்கு ஒரு உதாரணம். உலையில இருந்து எடுத்த இரும்பு முதல்ல வெள்ளையா, அப்புறம் மஞ்சளா, சிவப்பா மாறும். கடைசியில கறுப்பாத் தெரியும், ஆனா பக்கத்துல கையைக் கொண்டுபோனா அனல் அடிக்கும். இரும்போட ஒளி வெப்பத்தால வர்றது, பின்னொளிர்வு அப்படி இல்ல. அதனால உதாரணம் இதோட நிக்குது. ஆனா "கண்ணுக்குத் தெரியலைன்னா முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம் இல்ல"ங்கிறது ரெண்டுக்கும் பொது.

எக்ஸ் கதிர், கண்ணொளி எல்லாம் பெரும்பாலும் சில நாள்லயோ சில வாரத்துலயோ மங்கிடும். ரேடியோ மட்டும் மாசக்கணக்குல, சில வெடிப்புகள்ல வருஷக்கணக்குல இருக்கும். வெடிப்போட மொத்த ஆற்றல் எவ்வளவு, சுத்தி வாயு எவ்வளவு அடர்த்தி, ஜெட் எவ்வளவு அகலம்னு கணக்குப் போட அதுதான் வழி.

முதல் ரேடியோ பின்னொளிர்வு

1997 மே 8 அன்னிக்கு வந்த வெடிப்போட பேர் ஜிஆர்பி 970508. ஜிஆர்பின்னா காமா கதிர் வெடிப்பு, பின்னாடி வர்ற எண் வருஷம், மாசம், தேதி. இன்வாய்ஸ் நம்பர் மாதிரி. சில நாள் கழிச்சு அமெரிக்காவுல நியூ மெக்சிகோவுல இருக்கிற விஎல்ஏ ரேடியோ டெலஸ்கோப்புல டேல் ஃப்ரெயில் குழு இதோட ரேடியோ ஒளியைப் பிடிச்சாங்க. காமா கதிர் வெடிப்புக்கு ரேடியோ பின்னொளிர்வு கிடைச்சது அதுதான் முதல் தடவை. அந்தக் குழுவுல ஒருத்தர் மகாராஷ்டிராவுல பிறந்த ஸ்ரீனிவாஸ் குல்கர்னி.

அந்த சிக்னல் ஆரம்பத்துல கூடிக் குறைஞ்சு துடிச்சுக்கிட்டே இருந்துச்சு. சுமார் நாலு வாரம் கழிச்சு அந்தத் துடிப்பு அடங்கிடுச்சு. ஏன்னு யோசிங்க. ராத்திரி வானத்துல நட்சத்திரம் மினுக்கும், கோள் மினுக்காது. நட்சத்திரம் நமக்கு ஒரு புள்ளி, கோள் சின்னதா ஒரு வட்டம். காற்று பண்ற கலக்கம் புள்ளியை ஆட்டும், வட்டத்துல சராசரியாகி அடங்கிடும். ரேடியோவுல இந்தக் கலக்கத்தை நம்ம பால்வீதியில இருக்கிற மின்னேற்ற வாயு பண்ணுது. ஆக, மினுக்கல் நின்னதுன்னா புள்ளி வட்டமா வளர்ந்திருச்சுன்னு அர்த்தம். அந்த வட்டத்தோட அளவு சுமார் ஒரு லட்சம் கோடி கிலோமீட்டர்னு கணக்கு வந்துச்சு. ஒரு மாசத்துக்குள்ள அவ்வளவு பெருசாகணும்னா ஒளி வேகத்துக்குப் பக்கத்துல விரிஞ்சாத்தான் முடியும். எந்த டெலஸ்கோப்பாலயும் நேரடியாப் பார்க்க முடியாத ஒரு அளவை, மினுக்கல் நின்ன நாளை வச்சு அளந்துட்டாங்க.

2017 ஆகஸ்ட் 17, மாலை 6.11

இப்போ நம்ம கதைக்கு வருவோம். 2017 ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை. இந்திய நேரப்படி மாலை 6 மணி 11 நிமிஷம். ஒரகடம் சாலையில கம்பெனி பஸ் எல்லாம் வரிசை கட்டி நிக்கிற நேரம். அமெரிக்காவுல இருக்கிற லைகோ கருவிகள்ல சுமார் 100 விநாடி நீளமான ஓர் ஈர்ப்பு அலை ஓடி முடியுது. அதுக்கு 1.7 விநாடி கழிச்சு ஃபெர்மி செயற்கைக்கோள்ல ஒரு குறுகிய காமா கதிர் வெடிப்பு பதிவாகுது. சுமார் ரெண்டு விநாடி நீளம். ஃபெர்மியோட தானியங்கி எச்சரிக்கை 14 விநாடியில வெளியில போயிடுச்சு.

நம்ம மாதிரி மென்பொருள்காரங்களுக்கு இங்க ஒரு பாடம் இருக்கு. லைகோவுக்கு ஹான்ஃபோர்டுல ஒண்ணு, லிவிங்ஸ்டன்ல ஒண்ணுன்னு ரெண்டு நிலையம். லிவிங்ஸ்டன் பதிவுல, மோதல் நடக்கிறதுக்கு ஒரு விநாடி முன்னாடி கருவியில ஒரு பலமான இரைச்சல் விழுந்திருச்சு. தானியங்கி மென்பொருள் "இந்த டேட்டா கெட்டுப் போச்சு"ன்னு அதை ஒதுக்கிடுச்சு. ஹான்ஃபோர்டு மட்டும் சிக்னல் காட்டுது. அப்போ மனுஷங்க உட்கார்ந்து லிவிங்ஸ்டன் டேட்டாவைத் திறந்து பார்த்தா, இரைச்சலுக்கு அடியில அதே சிக்னல் தெளிவா ஓடிக்கிட்டு இருக்கு. ஃபில்டர் தன் வேலையைச் சரியாத்தான் செஞ்சுது. ஆனா அது ஒதுக்கினதையும் ஒருத்தர் திறந்து பார்க்கணும்.

சுமார் 11 மணி நேரம் கழிச்சு சிலியில இருக்கிற ஒரு மீட்டர் ஸ்வோப் டெலஸ்கோப், என்ஜிசி 4993-ங்கிற விண்மீன் மண்டலத்துல ஒரு புதுப் புள்ளியைக் கண்டுபிடிச்சுது. நம்மகிட்ட இருந்து சுமார் 13 கோடி ஒளியாண்டு தூரம். ஈர்ப்பு அலைக்குப் பேர் ஜிடபிள்யூ170817, காமா கதிர் வெடிப்புக்குப் பேர் ஜிஆர்பி 170817ஏ. நியூட்ரான் நட்சத்திர மோதலும் குறுகிய காமா வெடிப்பும் சேர்ந்து பிடிபட்டாச்சு. சந்தேகம் தீர்ந்துச்சா?

தீரல. காரணம், இந்த வெடிப்பு ரொம்ப மங்கல். வழக்கமான குறுகிய வெடிப்புகளைவிடப் பல ஆயிரம் மடங்கு பலவீனம். அதனால ரெண்டு விளக்கம் போட்டி போட்டுச்சு.

ஒண்ணு: ஜெட் வழக்கம் போலப் பலமாத்தான் இருந்துச்சு. ஆனா நம்மளைப் பார்க்காம ஓரமாத் திரும்பியிருந்துச்சு. நாம பார்த்தது பக்கவாட்டுல சிதறினது.

ரெண்டு: மோதல்ல சிதறின பொருள் ஜெட்டை மூடிக்கிச்சு. ஜெட் உள்ளயே மூச்சுத் திணறி நின்னுடுச்சு. சுத்தி இருந்த சூடான கூடு மட்டும் எல்லாப் பக்கமும் விரிஞ்சுது. நாம பார்த்தது அந்தக் கூட்டோட ஒளி.

ரெண்டாவது சரின்னா, குறுகிய காமா வெடிப்புகளுக்குக் காரணம் நியூட்ரான் நட்சத்திர மோதல்தான்னு இந்த ஒரு நிகழ்ச்சியை வச்சுச் சொல்ல முடியாது. அம்பது வருஷப் புதிருக்குக் கிடைச்ச விடை கையை விட்டு நழுவிடும். பந்தயம் அதுதான்.

16 நாள் ஒண்ணும் இல்ல

உலகத்துல பல ரேடியோ டெலஸ்கோப்புகள் அந்த இடத்தைப் பார்க்க ஆரம்பிச்சுது. முதல் நாள் ஒண்ணும் இல்ல. முதல் வாரம் ஒண்ணும் இல்ல. ஒன்பதாவது நாள் சந்திரா விண்கலத்துல எக்ஸ் கதிர் லேசாத் தெரிஞ்சுது. பதினாறாவது நாள், செப்டம்பர் ஆரம்பத்துல, விஎல்ஏ-ல ரேடியோ சிக்னல் கிடைச்சுது.

வழக்கமான பின்னொளிர்வு சீக்கிரமே உச்சத்துக்குப் போய் மங்கும். இது தாமதமா வந்துச்சு, வந்த பிறகு மெதுவாக் கூடிக்கிட்டே போச்சு. இன்னொரு சிக்கல், என்ஜிசி 4993 அப்போ வானத்துல சூரியனுக்குப் பக்கத்துல போயிடுச்சு. கண்ணொளி டெலஸ்கோப், எக்ஸ் கதிர் விண்கலம் எதாலயும் டிசம்பர் வரைக்கும் அந்தப் பக்கம் திரும்ப முடியாது. ரேடியோவுக்குப் பகல், ராத்திரி பெரிய விஷயம் இல்ல. அந்த மூணு மாசம் காவல் இருந்தது ரேடியோ டெலஸ்கோப்புகள்தான்.

கோடத் கிராமத்துல 30 கிண்ணம்

அதுல ஒண்ணு நம்மளோடது. புனேவுக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர், நாராயண்காவ் பக்கத்துல கோடத்னு ஒரு கிராமம். அங்க இருக்கிறதுதான் ஜிஎம்ஆர்டி. ஒவ்வொண்ணும் 45 மீட்டர் விட்டத்துல 30 ஆன்டெனா. 14 நடுவுல நெருக்கமா, மீதி 16 ஒய் வடிவத்துல மூணு கையா, சுமார் 25 கிலோமீட்டருக்குப் பரவி இருக்கு. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுல ஒரு கிண்ணத்தை வச்சா, ஒரகடத்தைத் தாண்டியும் கிண்ணம் இருக்கும். அவ்வளவு அகலம்.

இதோட வேர் நம்ம தமிழ்நாட்டுலதான். ஊட்டிக்குப் பக்கத்துல முத்தொரையில 1970-ல முடிச்ச ரேடியோ டெலஸ்கோப் இருக்கு. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 11 டிகிரி சரிவுள்ள மலையைத் தேடிப் பிடிச்சாங்க. அந்த இடத்தோட அட்சரேகையும் 11 டிகிரிதான். மலைச் சரிவே டெலஸ்கோப்போட அச்சை பூமியோட அச்சுக்கு இணையாக்கிக் கொடுத்துடுச்சு. அதனால ஒரே அச்சுல சுத்தினாப் போதும், ஒரு வான்பொருளை மணிக்கணக்கா பின்தொடரலாம். அதை வடிவமைச்ச கோவிந்த் ஸ்வரூப்தான் பிறகு ஜிஎம்ஆர்டி-க்கும் தலைமை தாங்கினார். அங்கயும் அதே சிக்கனம். கிண்ணம் முழுக்கத் தகடு போடாம, கயிறு மாதிரி கம்பிகள் மேல மெல்லிய வலையை இழுத்துக் கட்டினாங்க. வலையோட கண்ணி 10 முதல் 20 மில்லிமீட்டர். பிடிக்கிற அலையோட நீளம் 21 சென்டிமீட்டருக்கு மேல. அலைக்கு அந்த ஓட்டை தெரியாது, முழுத் தகடு மாதிரித்தான். காற்று மட்டும் ஓட்டை வழியாப் போயிடும். எடையும் செலவும் குறைஞ்சுது.

30 ஆன்டெனாவை எப்படி ஒரே டெலஸ்கோப்பா ஆக்குறாங்க? ரெண்டு ரெண்டா ஜோடி சேர்த்து, ரெண்டுக்கும் அலை வந்து சேர்ற நேர வித்தியாசத்தை ஒப்பிடுறாங்க. 30 ஆன்டெனான்னா 435 ஜோடி. பூமி சுத்தச் சுத்த ஒவ்வொரு ஜோடியும் வேற வேற கோணத்துல வானத்தை அளக்கும். எல்லாத்தையும் மென்பொருள்ல கோத்தாத்தான் படம் வரும். லென்ஸ் செய்யிற வேலையைக் கணினி செய்யுதுன்னு வச்சுக்கோங்க.

இந்த மோதலை ஜிஎம்ஆர்டி-ல 7-ஆவது நாள்ல இருந்து 152-ஆவது நாள் வரை கவனிச்சு, திருவனந்தபுரத்துல இருக்கிற இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தோட எல். ரெஸ்மி தலைமையில ஒரு குழு 2018-ல கட்டுரை வெளியிட்டாங்க. விஎல்ஏ, ஆஸ்திரேலிய டெலஸ்கோப்போட ஜிஎம்ஆர்டி டேட்டாவையும் சேர்த்து குணால் மூலே தலைமையில இன்னொரு குழு நேச்சர் இதழ்ல எழுதினாங்க. மத்த டெலஸ்கோப்புகள் அதிக அதிர்வெண்ல பார்த்தன, ஜிஎம்ஆர்டி குறைஞ்ச அதிர்வெண்ல பார்த்துச்சு. எல்லாப் புள்ளியையும் ஒரே கிராஃப்ல போட்டா, 0.6 கிகாஹெர்ட்ஸ்ல இருந்து 18 கிகாஹெர்ட்ஸ் வரை ஒரே சரிவுல நேர்க்கோடு. ஒரே அதிர்ச்சி அலையில இருந்து வர்ற சிங்க்ரோட்ரான் ஒளிதான் இதுன்னு அந்தக் கோடு சொல்லிடுச்சு.

ஆரம்ப நாள்கள்ல "ஒண்ணும் இல்ல"ன்னு வந்த அளவுகளையும் கட்டுரையில போட்டிருக்காங்க. "7-ஆவது நாள் இந்த அளவுக்கு மேல இருந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், தெரியல"ங்கிறதே ஒரு தகவல். எந்தக் கோட்பாடு எழுதுறவரும் அந்த எல்லையைத் தாண்ட முடியாது. தரப் பரிசோதனையில குறை இல்லாத பாகத்துக்கும் அளவு எழுதி வைக்கிறோம் இல்லையா, அதே காரணம்தான்.

செவ்வாய்ல ஒரு செல்ஃபோன்

இந்த சிக்னல் எவ்வளவு சின்னது? ரேடியோ வானியல்ல பிரகாசத்தை ஜான்ஸ்கிங்கிற அலகுல சொல்வாங்க. தொலைபேசி இணைப்புல வர்ற இரைச்சல் எங்கிருந்து வருதுன்னு தேடப் போய், 1930-கள்ல பால்வீதியோட ரேடியோ அலையைக் கண்டுபிடிச்ச பொறியாளர் கார்ல் ஜான்ஸ்கியோட பேர் அது.

ஒரு பழைய 2ஜி ஃபோனை நிலாவுல வச்சுப் பேசுறதா நினைச்சுக்கோங்க. சராசரியா கால் வாட், 200 கிலோஹெர்ட்ஸ் அகலம், தூரம் 3.84 லட்சம் கிலோமீட்டர். கணக்குப் போட்டா பூமியில அது சுமார் 68 ஜான்ஸ்கி. நம்ம பின்னொளிர்வோட உச்சம் சுமார் 100 மைக்ரோஜான்ஸ்கி, அதாவது ஜான்ஸ்கியில பத்தாயிரத்துல ஒரு பங்கு. நிலாவுல இருக்கிற ஃபோன் இதைவிட ஆறு, ஏழு லட்சம் மடங்கு பிரகாசம். ரெண்டும் சமமாகணும்னா ஃபோனைச் சுமார் 32 கோடி கிலோமீட்டர் தள்ளி வைக்கணும். செவ்வாய் கிரகம் பூமியில இருந்து விலகியிருக்கிற காலத்துல அந்த மாதிரி தூரத்துலதான் இருக்கும்.

இப்போ நம்ம ஊரை நினைச்சுப் பாருங்க. சுங்குவார்சத்திரத்துல இருந்து ஒரகடம் வரை செல்ஃபோன் டவர், தொழிற்சாலைக்குள்ள வாக்கி-டாக்கி, வைஃபை, தானா ஓடுற வண்டிகள். இங்க இருந்து அந்த சிக்னலைப் பிடிக்கவே முடியாது. ஃபோன் அசெம்ப்ளி லைன்ல ஆர்எஃப் டெஸ்ட் பண்றவங்களுக்கு இது உடனே புரியும். ஒரு ஃபோனோட சிக்னலை அளக்க அதை ஷீல்டு பாக்ஸுக்குள்ள வச்சு மூடுறோம், வெளி இரைச்சல் உள்ள வராம. 25 கிலோமீட்டர் டெலஸ்கோப்பை அப்படி மூட முடியாதே. அதனாலதான் நகரத்தை விட்டு விலகி, சுத்தி மலை இருக்கிற இடமாப் பார்த்து வச்சாங்க. அப்படியும் இரைச்சல் வரும். அந்த டேட்டாவை அடையாளம் கண்டு நீக்குறது ஒவ்வொரு தடவையும் பெரிய வேலை.

ஜெட் வெளிய வந்துச்சா?

ரேடியோ ஒளி சுமார் 150 நாள் வரை கூடிக்கிட்டே போச்சு. இதுவரைக்கும் ரெண்டு விளக்கமும் தாக்குப் பிடிச்சுது. கூடு விளக்கத்துல, மெதுவா வர்ற பொருள் பின்னாடியிருந்து ஆற்றலைச் சேர்த்துக்கிட்டே இருக்கும், அதனால கூடும். ஜெட் விளக்கத்துக்கு வண்டலூர்–வாலாஜாபாத் சாலைக்கு வாங்க. மார்கழிப் பனியில, பக்கத்துச் சாலையில ஒரு பைக் வருது. ஹெட்லைட் கதிர் குறுகலா இருந்தா உங்க மேல படாது, பைக் இருக்கிறதே தெரியாது. அந்தக் கதிர் மெல்ல அகலமானா ஒரு கட்டத்துல உங்களையும் தொடும். ஒளி வேகத்துக்குப் பக்கத்துல போற பொருள் ஒளியை முன்பக்கம் குறுகலா வீசும். வேகம் குறையக் குறைய அந்த விளக்குக் கதிர் அகலமாகும். ஓரமா இருக்கிற நமக்கு ஒளி மெதுவாக் கூடுற மாதிரித் தெரியும்.

பிரிச்சுக் காட்டினது உச்சத்துக்குப் பிறகு நடந்ததுதான். கூடா இருந்தா எல்லாப் பக்கமும் பரவினது, மெதுவா மங்கும். ஜெட்டா இருந்தா, மொத்த ஜெட்டும் பார்வைக்கு வந்த பிறகு புதுசாக் காட்ட ஒண்ணும் இல்ல, சடசடன்னு மங்கும். கிராஃப் சடசடன்னு விழுந்துச்சு.

ரெண்டாவது சான்று இன்னும் நேரடி. பல ஊர்ல இருக்கிற டெலஸ்கோப்புகளைச் சேர்த்து 75-ஆவது நாள்லயும் 230-ஆவது நாள்லயும் அந்தப் புள்ளியோட இடத்தை அளந்தாங்க. புள்ளி நகர்ந்திருந்துச்சு. 2.7 மில்லி ஆர்க் விநாடி. சென்னையில நின்னு டெல்லியில இருக்கிற ஒரு ரூபாய் நாணயத்தைப் பார்த்தா அதோட அகலம் எவ்வளவு தெரியுமோ, ஏறக்குறைய அவ்வளவு. எல்லாப் பக்கமும் விரியிற கூடு இப்படி ஒரு பக்கமா நகராது. குறுகலான ஜெட்தான் நகரும்.

13 கோடி ஒளியாண்டு தூரத்துல அந்தக் கோணம்னா சுமார் 1.7 ஒளியாண்டு. எடுத்துக்கிட்டது 155 நாள். வகுத்துப் பாருங்க: ஒளியைப் போல நாலு மடங்கு வேகம்!

ஐன்ஸ்டீனுக்கு ஒண்ணும் ஆகல. வேலூர்ல இருந்து ஒரு நண்பர் ஸ்ரீபெரும்புதூருக்கு 90 கிலோமீட்டர் வேகத்துல வர்றார்னு வைங்க. தூரம் 100 கிலோமீட்டர். கிளம்பும்போது ஒரு கடிதத்தை 100 கிலோமீட்டர் வேகத்துல போற கூரியர்ல அனுப்புறார். அது ஒரு மணி நேரத்துல என்கிட்ட வரும். பாதி தூரம் வந்ததும் இன்னொரு கடிதம். அவர் அங்க வர 33 நிமிஷம் 20 விநாடி, கடிதம் மீதி தூரம் வர 30 நிமிஷம். மொத்தம் 63 நிமிஷம் 20 விநாடி. ரெண்டு கடிதத்துக்கும் நடுவுல வெறும் 3 நிமிஷம் 20 விநாடிதான். கடிதத்தை மட்டும் பார்க்கிற எனக்கு, அவர் 50 கிலோமீட்டரை 900 கிலோமீட்டர் வேகத்துல கடந்த மாதிரித் தெரியும். ஜெட்டும் தன் ஒளியைத் துரத்திக்கிட்டே நம்ம பக்கமா வருது. கொஞ்சம் சாய்ஞ்சு வர்றதால, பக்கவாட்டு நகர்வு முழுக்க அந்தக் குறுகின நேரத்துக்குள்ள அடங்கிடுது. நாலு மடங்குன்னு தெரியணும்னா ஜெட் ஒளி வேகத்தை ஒட்டிப் போகணும், நம்ம பார்வைக் கோட்டுல இருந்து சுமார் 20 டிகிரி விலகி இருக்கணும்.

ஜெட் திணறி நிக்கல. வெளியில வந்துச்சு. நம்மளைப் பார்க்கல, அவ்வளவுதான். அதையே நேராப் பார்த்திருந்தா வழக்கமான, பளிச்னு இருக்கிற குறுகிய வெடிப்பாத் தெரிஞ்சிருக்கும். நழுவ இருந்த விடை கைக்கு வந்தது அப்படித்தான். அந்தக் கோணம் தெரிஞ்சதால 2019-ல இன்னொரு குழு, பிரபஞ்சம் விரியிற வேகத்தையும் முன்னைவிடத் துல்லியமாக் கணிச்சாங்க. ஈர்ப்பு அலை மட்டும் இருந்தப்போ தூரத்தையும் சாய்வையும் பிரிச்சுச் சொல்றது கஷ்டமா இருந்துச்சு. சாய்வை ரேடியோ சொல்லிடுச்சு.

ஆயிரம் நாள் கவனிப்பு

அதே வருஷம் டிசம்பர் 5 அன்னிக்கு ஒரு நீண்ட வகை வெடிப்பு, ஜிஆர்பி 171205ஏ. மேம்படுத்தப்பட்ட ஜிஎம்ஆர்டி-ல பர்னாலி மைத்தி, பூனம் சந்திரா ரெண்டு பேரும் இதை 4-ஆவது நாள்ல இருந்து 937-ஆவது நாள் வரை பார்த்தாங்க. 250 முதல் 500 மெகாஹெர்ட்ஸ் பட்டையில ஒரு காமா கதிர் வெடிப்போட பின்னொளிர்வு தெரிஞ்சது அதுதான் முதல் தடவை. அவ்வளவு குறைஞ்ச அதிர்வெண்ல, வெடிப்புப் பகுதி தன் ஒளியைத் தானே விழுங்கிக்கும். எப்போ, எவ்வளவு விழுங்குதுங்கிறதை வச்சு, சுத்தி இருந்த வாயு எப்படிப் பரவியிருந்துச்சுன்னு சொல்லலாம். வாயு எல்லா இடத்துலயும் ஒரே அடர்த்தியா இல்ல, அந்த நட்சத்திரம் சாகுறதுக்கு முன்னாடி ஊதித் தள்ளின காற்று மாதிரி, வெளியில போகப் போகக் குறையுதுன்னு கண்டுபிடிச்சாங்க. ஒரு நட்சத்திரம் தன் கடைசிக் காலத்துல எப்படி இருந்துச்சுன்னு, செத்து சுமார் ரெண்டரை வருஷம் வரைக்கும் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டாங்க.

நேயர் கேள்விகள்

"டிப்ளமோ படிச்சவங்க, மென்பொருள்காரங்க இதுல ஏதாவது பண்ண முடியுமா?" முடியும். ஜிஎம்ஆர்டி-யோட பழைய டேட்டா ஆன்லைன் காப்பகத்துல இருக்கு. அதை அலசுற காசாங்கிற மென்பொருள் இலவசம், பைத்தான் தெரிஞ்சா ஆரம்பிக்கலாம். அவ்வளவு தூரம் போக வேண்டாம்னா, இந்த மோதலோட எக்ஸ் கதிர், கண்ணொளி, ரேடியோ அளவுகளை எல்லாம் ஒரே சீராத் தொகுத்து 2021-ல ஒரு கட்டுரை வந்துச்சு. அந்த எண்களை எடுத்து நீங்களே கிராஃப் போடுங்க. ஏறுறதும் 150 நாள் வாக்குல திரும்பி விழுறதும் உங்க ஸ்கிரீன்லயே தெரியும்.

"நம்ம பக்கத்துல யாராவது இதுல இருக்காங்களா?" சிறுசேரி சிப்காட்டுக்குள்ள இருக்கிற சென்னை கணிதவியல் நிறுவனத்துல ஈர்ப்பு அலை ஆய்வுக் குழு இருக்கு, லைகோ கூட்டமைப்புல பங்கு வகிக்கிறாங்க. மகாராஷ்டிராவுல ஹிங்கோலி மாவட்டத்துல லைகோ-இந்தியா கட்ட மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரல்ல ஒப்புதல் கொடுத்துச்சு. அது வந்தா மோதல் எங்க நடந்துச்சுன்னு இன்னும் சீக்கிரம், இன்னும் துல்லியமாத் தெரியும். டெலஸ்கோப்பை எங்க திருப்பணும்னு தேடுற நேரம் மிச்சம்.

"செலவு?" கேள்வி அனுப்பின நேயருக்கு: 2017-ல ஜிஎம்ஆர்டி இந்த ஒரு நிகழ்ச்சிக்காகக் கட்டப்படல. அது பல வருஷமா வேற வேற வேலை பார்த்துக்கிட்டு இருந்துச்சு. தேவைப்பட்ட நாள்ல, குறைஞ்ச அதிர்வெண்ல பார்க்கிற பெரிய கருவியா அது தயாரா நின்னுச்சு. ஒண்ணும் தெரியாத நாள்கள்லயும் பார்த்து, அளவை எழுதி வச்சாங்க. அந்தக் காலி இடங்களும் சேர்ந்துதான் அந்த கிராஃப்.

அடுத்த எபிசோடுல ஊட்டி டெலஸ்கோப் பத்தித் தனியாப் பேசலாம். நிலா ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கிற நேரத்தை வச்சு அதோட அளவை எப்படி அளந்தாங்கன்னு பார்ப்போம். கிராஃப் போட்டவங்க அனுப்புங்க. நைட் ஷிஃப்ட் போறவங்க பத்திரமாப் போயிட்டு வாங்க.